கையில் ஸ்பேனர் இருந்தால்தான் அப்பா பேசுவார்

2023 தை மாதம் எங்கள் அப்பா இறந்தார். வயது 86. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியில் 52 வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஆறடிக்கு எட்டடிக் கடை, முன்னால் தகரச் சார்ப்பு, அதில் தொங்கும் பழைய டயர்கள், வாசலில் வரிசையாக நிற்கும் வாடகை சைக்கிள்கள். இதை வைத்துத்தான் தன் இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார், எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்தார், ஒரு வீடும் கட்டினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பாதி எங்களுக்கே தெரியாதவை. வீட்டில் அப்பா பேசுகிற ஆள் இல்லை. "சாப்பிட்டியா", "ஃபீஸ் எப்ப கட்டணும்", "லைட்ட அணை". நாங்கள் வளர்ந்த காலம் முழுக்க இந்த மூன்றுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். மீதி கொஞ்சத்தைக் கடைசி எட்டு வருடத்தில் நான் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எப்படிக் கேட்டேன், எதைத் தவறவிட்டோம் என்பதைச் சொன்னால், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் நான் கேட்ட விதமே தப்பு. பேனாவும் நோட்டுமாக எதிரே உட்கார்ந்து, "உங்க சின்ன வயசு எப்படிப்பா இருந்துச்சு?" என்பேன். "என்னத்த இருந்துச்சு, பொழப்பப் பாத்தோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். நாலைந்து முறை இப்படியே ஆனது. ஒருநாள் பழைய சாமான் பெட்டியைத் துடைக்கும்போது ஒரு காட்டர் பின் கிடைத்தது. பெடல் கட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிற சின்ன இரும்பு ஆப்பு. "இது என்னப்பா, தேஞ்சு கெடக்கு?" என்று கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் அதை உருட்டிக்கொண்டே இருந்தவர், கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"அப்பல்லாம் இது இங்க கெடைக்காது. புதுக்கோட்டைக்குத்தான் போகணும். மொதலாளி காலையிலயே அனுப்பிருவாரு. நடந்துதான். கடையில பத்து வண்டி நிக்கும், ஆனா எனக்கு ஒண்ணு தர மாட்டாரு. ஒரு வண்டிய நான் எடுத்துட்டுப் போனா ஒருநாள் வாடகை போச்சுல்ல?"

அது 1950. அப்பாவுக்கு 13 வயது. தாத்தா இறந்து, படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்று, கிராமத்திலிருந்து ஆலங்குடிக்குக் கடைப் பையனாக வந்த வருடம். போக வர நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறையும். திரும்பும்போது மாட்டு வண்டி ஏதாவது வந்தால் பின்னால் தொற்றிக்கொள்வாராம். சைக்கிள் கடையில் வேலை பார்த்த பையன் சைக்கிள் சாமானை நடந்து போய் வாங்கி வந்திருக்கிறான். ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் எனக்கு இது தெரிகிறது.

அன்றிலிருந்து நான் அவர் வாழ்க்கையைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. ஏதாவது ஒரு பொருளை அவர் கையில் கொடுத்துவிட்டு அதைப் பற்றி மட்டும் கேட்பேன். டைனமோ, கைப்பம்பு, பழைய சைக்கிள் லைசென்ஸ் வில்லை. அந்த வில்லை இல்லாமல் போனாலும், இரவில் விளக்கு இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடிக்கும் காலம் ஒன்று இருந்தது. வாடகை வண்டியில் ஆள் மாட்டிக்கொண்டால் ஸ்டேஷனுக்குப் போய் வண்டியை மீட்டு வருவது அப்பா வேலை. ஒருமுறை அப்பாயி வைத்திருந்த அம்மன் காசைக் கொடுத்தேன். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சின்னச் செப்புக் காசு அது. நவராத்திரிக்கு அரிசியோடு அந்தக் காசையும் கொடுப்பார்களாம். அதை வாங்க அப்பாயி தன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்ற வரிசையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததைப் பள்ளிக்கூடத்தில் நானே பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். என் அப்பா அந்த வரிசையில் நின்றவர் என்பது தெரியாமலே நடத்தியிருக்கிறேன்.

1962இல் சொந்தக் கடை. முதலில் நாலு வாடகை சைக்கிள், பிறகு பன்னிரண்டு வரை போனது. வாடகை நோட்டில் பேர், வண்டி நம்பர், எடுத்த நேரம், விட்ட நேரம் இருக்கும். பேர் தெரியாதவர்களுக்கு அவரே பேர் வைத்திருப்பார்: "கறுப்புக்குடை", "வடகாடு மீசை", "போஸ்ட்மேன் மச்சான்". முன்பணம் கேட்டதே இல்லை. வண்டி எடுத்தவரின் முகத்தைப் பார்த்து எழுதிக்கொள்வார், அவ்வளவுதான். ஐம்பது வருடத்தில் திரும்பி வராமல் போன வண்டிகள் இரண்டு.

கடையில் இரண்டு டப்பா இருக்கும். ஒன்று கல்லா. இன்னொன்று பழைய பால் பவுடர் டப்பா, அதை "டயர் டப்பா" என்பார். ராத்திரி கடை சாத்தும்போது வாடகைக் காசை எண்ணி, நாலில் ஒரு பங்கைப் பிரித்து அதில் போட்டுவிடுவார். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் அதில் கை வைக்க மாட்டார். அம்மாவுக்கும் அவருக்கும் பெரிய சண்டை வந்தது இந்த டப்பாவுக்காகத்தான். "வண்டி இன்னைக்குச் சம்பாதிச்சதுல அதுக்கும் பங்கு உண்டு. அதோட பங்கையும் நாம தின்னுட்டா, நாளைக்கு டயர் கிழியுறப்ப கடன் வாங்கணும்" என்பார். தேய்மானத்துக்கு ஒதுக்குவது என்று கணக்குப் பாடத்தில் சொல்வது இதைத்தான். ஆட்டோ ஓட்டுகிறவர், தையல் மிஷின் வைத்திருப்பவர், மாவு மில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அந்த இரண்டாவது டப்பாவைத் தனியாக வையுங்கள். என் தம்பி இன்று ஜெராக்ஸ் கடை நடத்துகிறான். அவன் கடையிலும் ஒரு டப்பா இருக்கிறது.

வேலை செய்வதில் அவருக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. கழற்றிய சாமான்களை அலுமினியத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே வைப்பார். மண்ணெண்ணெயில் கழுவினாலும் வரிசை மாறாது. புதுசு போட்டால் பழசை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். எவ்வளவு ஆகும் என்பதைக் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

பங்ச்சர் ஒட்டுவது எல்லாரும் செய்கிற வேலைதான். டியூபைத் தண்ணீரில் முக்கி குமிழி வரும் இடத்தைக் குறித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது லேசாகக் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். அவசரக்காரர்கள் ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடுவார்கள், அது நிற்காது. ஆனால் அப்பா அதிகம் வலியுறுத்தியது அதற்கு அடுத்த வேலையை. டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் கருவேல முள் அதிகம். முனை உடைந்து உள்ளேயே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. "ஓட்டைய அடைச்சுட்டு முள்ள விட்டுட்டா, அந்த ஆளு வம்பன் ஊரத் தாண்டுறதுக்குள்ள வண்டியத் தள்ளிட்டு வருவான். அவன் நடக்குற நடை நம்ம கணக்குலதான்" என்பார். அவர் விரல் நுனிகள் எப்போதும் கீறிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இந்தத் தடவல்தான்.

சக்கரத்தில் கோட்டம் எடுப்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ரிம் இடப்பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பிகளை இறுக்கி, இடப்பக்கத்தைத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். அதற்கு மேல் திருகினால் கோட்டம் வேறு இடத்துக்கு ஓடிவிடும். கால் சுற்று, சுற்றிவிட்டுப் பார், மறுபடி கால் சுற்று. முப்பது வருடம் டீச்சராக இருந்தேன். ஒரு பிள்ளையைத் திருத்த வேண்டி வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால் சுற்று ஞாபகம் வரும்.

அவரைப் பற்றி நான் அதிகம் நினைத்துக்கொள்வது 1991, 92ஆம் வருடங்களைத்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிய நேரம். டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான் தொண்டராகச் சேர்ந்தேன். எழுத்து சொல்லிக் கொடுப்பதோடு பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதையும் இயக்கத்தின் ஒரு பகுதியாக ஆக்கினார் அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். 1992 மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அந்த நாளைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

ஆனால் ஊர்வலத்துக்கு முன்னால் கற்றுக்கொள்ள வண்டி வேண்டுமே. லேடீஸ் சைக்கிள் அவ்வளவாகக் கிடைக்காது. தயங்கித் தயங்கி அப்பாவிடம் கேட்டேன். பதிலே சொல்லவில்லை. எனக்குக் கோபம், அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டேன். விடியற்காலை நாலரைக்கு எழுப்பினார். வாசலில் மூன்று வண்டி நின்றது. மூன்றும் பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான். ஆனால் சீட்டைக் கடைசி வரை இறக்கியிருந்தார். சேலை மாட்டிக்கொள்ளாமல் இருக்க மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, விளிம்பை மடித்து, செயினுக்கு மறைப்பு கட்டியிருந்தார். வெறுங்காலில் மிதிக்கிறவர்களுக்கு வழுக்காமல் இருக்க பெடலில் டியூப் துண்டு சுற்றியிருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆறு மணிக்குள்ள கொண்டாந்துரு. அதுக்கப்புறம் வாடகைக்கு ஆள் வரும்" என்றார். எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். "அந்நேரம் வண்டி சும்மாதான நிக்குது" என்றார்.

அடுத்த ஏழெட்டு மாதம் தினமும் அந்த மூன்று வண்டிகளும் இருட்டில் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய் வந்தன. பூப்பறிக்கப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், பால்வாடி ஆயா என்று எல்லாரும் விழுந்தார்கள், எழுந்தார்கள், ஓட்டினார்கள். பார் வைத்த வண்டியே நல்லது, பிள்ளையை முன்னால் உட்கார வைக்கலாம் என்று அதையே கேட்டவர்களும் உண்டு. ஊரில் பேச்சும் வந்தது. "பொம்பளைங்களுக்கு வண்டியக் குடுத்து ஊரக் கெடுக்குறாரு" என்று சொல்லி வாடகைக்கு வருவதை நிறுத்தியவர்கள் சிலர். அம்மா பயந்துபோய்க் கேட்டதற்கு அப்பா சொன்னது ஒரே வாக்கியம்: "வண்டிய யாரு மிதிச்சாலும் ஓடும்."

அம்மாவும் கற்றுக்கொண்டார், 45 வயதில். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் திருவரங்குளம் பக்கம் இருந்த அம்மாயி வீட்டுக்குத் தானே மிதித்துப் போய்விட்டு வந்துவிட்டார். அதுவரை பஸ் பார்த்து, துணை பார்த்து, அப்பாவுக்கு ஒழிந்த நாள் பார்த்துப் போய்க்கொண்டிருந்தவர். திட்டு விழும் என்று நாங்கள் நினைத்தோம். அப்பா வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பின் சக்கரத்துல காத்து கம்மியா இருந்துச்சே, கவனிச்சியா?" என்று மட்டும் கேட்டார். அம்மா அதைச் சாகும் வரை சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அப்புறம் டிவிஎஸ் 50 பெருகியது, பைக் பெருகியது, 2000களின் நடுவில் அரசு விலையில்லா சைக்கிளும் வந்தது. வாடகைத் தொழில் முடிந்துபோனது. அப்பா அதற்கு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் அரசு சைக்கிளோடு வந்தால், "புது வண்டின்னு விட்றாத, ஒரு மாசம் ஓடுனதும் கொண்டா" என்பார். மொத்தமாகப் பூட்டி வருகிற வண்டியில் கொஞ்ச நாள் ஓடியதும் நட்டும் கம்பியும் தளரும். அப்போது ஒருமுறை இறுக்கிவிட்டால் பல வருடம் நிற்கும்.

நாங்கள் செய்த பெரிய தவறு 2014இல். அப்பாவுக்கு 77 வயது, மூட்டு வலி. பிள்ளைகள் மூன்று பேரும் பேசி முடிவெடுத்து, ஒரே வாரத்தில் கடையைக் காலி செய்துவிட்டோம். அவருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் மனதார நம்பினோம். மூன்று மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. அதோடு எதற்கெடுத்தாலும் எரிச்சல், கேட்டதற்குப் பதில் இல்லை. மறதி நோய் என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். பார்த்த டாக்டரும் வயதாகிவிட்டது, அப்படித்தான் என்றார். இரண்டு வருடம் இப்படியே போனது. பிறகு வேறோர் இடத்தில் காதைப் பரிசோதித்தார்கள். இரண்டு காதும் நன்றாகக் குறைந்திருந்தது. பதில் சொல்லாதவர் இல்லை, நாங்கள் பேசியதே அவருக்கு எட்டவில்லை. காது மெஷின் மாட்டிய அன்று சாயங்காலம் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஃப்ரீவீல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உங்கள் வீட்டில் வயதானவர் பேச்சைக் குறைத்துக்கொண்டால், வேறு எதை முடிவு செய்வதற்கு முன்னாலும் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

காது பார்த்த அதே வாரத்தில் தம்பி வீட்டுத் திண்ணையில் ஒரு பலகை போட்டு, பம்பு, தண்ணீர்ச் சட்டி, ஸ்பேனர் செட்டு எல்லாவற்றையும் திரும்ப வைத்தான். தினம் இரண்டு மணி நேரம், வந்தால் வேலை, வராவிட்டால் சும்மா துடைத்துக்கொண்டிருப்பார். மருந்தைவிட அதுதான் அவரை எழுப்பியது. கடையைக் குறைத்திருக்க வேண்டும், மூடியிருக்கக் கூடாது. காட்டர் பின் கதை வந்ததும் அந்தத் திண்ணையில்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். எங்கள் பக்கத்துத் தென்னையும் பலாவும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. சாலை முழுக்க மரம், எங்கள் தெருவில் மூன்று வாரம் மின்சாரம் இல்லை. பைக்கைத் தூக்கி மரத்தைத் தாண்ட முடியாது, சைக்கிளைத் தூக்கித் தாண்டலாம். பரணில் கிடந்த வண்டிகள் எல்லாம் திண்ணைக்கு வந்தன. கம்ப்ரஸர் ஓடாது, அப்பாவின் கைப்பம்புதான் தெருவுக்கே. 81 வயதில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு நாளைக்கு இருபது, முப்பது வண்டி பார்த்தார். எதிர்வீட்டுப் பையன்கள் பம்படித்தார்கள். ஒருவரிடமும் காசு வாங்கவில்லை. அந்த மூன்று வாரம் அவர் மூட்டு வலி என்று சொல்லிக் கேட்டதில்லை.

காகித விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பா பேர் ஆதாரில் ஒரு மாதிரி, வீட்டுப் பத்திரத்தில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி. இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இல்லவே இல்லை. அவர் இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும். இறந்த பிறகு "இருவரும் ஒருவரே" என்று நிரூபிக்க எட்டு மாதம் அலைந்தோம். இறப்பை 21 நாளைக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. சான்றிதழில் பேர் எப்படி வர வேண்டும் என்பதைப் பத்திரத்தையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துவிட்டு எழுதிக் கொடுங்கள், துக்கத்தில் அவசரமாகச் சொல்லிவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் சொன்னோம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் தரும். அதற்குப் பிறகுதான் பட்டா மாறுதல். பாஸ்புக் எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றிலும் நாமினி இருக்கிறாரா என்று இன்றைக்கே பாருங்கள். அப்பாவின் ஒரு கணக்கில் இருந்தது நாலாயிரம் ரூபாய். நாமினி இல்லாததால் அதற்கு ஆன அலைச்சல் நாலாயிரத்துக்கு மேல்.

அவர் குரல் என் போனில் பதினொரு நிமிடம் இருக்கிறது. பங்ச்சர் ஒட்டுவது எப்படி என்று பேரனுக்குச் சொல்வதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்தேன். தெரிந்திருந்தால் பேச்சு நின்றிருக்கும். நடுநடுவே பம்பு சத்தம் வரும். எட்டாவது நிமிடத்தில் என் புத்தி கெட்டுப்போய், "வாழ்க்கையில எதுக்காவது ஆசைப்பட்டிருக்கீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அந்த உப்புத்தாளை எடு" என்கிறார்.

சாமான் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதில் ஒவ்வொன்றுக்கும் பேரும் கதையும் எழுதி வைத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டு. ஒரு முனையில் சதுரமாகத் துளை, மறுமுனை கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. அரத்தால் ராவிய தடம் தெரிகிறது, அவரே செய்துகொண்டதுதான். பிடிக்கிற இடம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, அவ்வளவு வருடம் பயன்பட்டிருக்கிறது. புதுக்கோட்டையில் மூன்று பழைய மெக்கானிக்குகளிடம் காட்டினேன். மூவரும் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார்கள், தெரியவில்லை என்றார்கள். பெட்டியின் அடியில் ஒரு துணியில் சுற்றி இருந்ததால் அவர் இருக்கும்போது அது என் கண்ணில் படவே இல்லை.